பாட்டியின் தையல் மேசை – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

என் பாட்டி வாழ்நாளெல்லாம் துணி தைத்தவர். ஈரம் தெளித்த பருத்தித் துணியில் இஸ்திரிப் பெட்டி ஓடும் வாசனை, மிஷினின் இரும்பு வாசனை, மர மேசை, ஜன்னலுக்கு வெளியே குண்டுமல்லிச் செடி. இவை எல்லாம் சேர்ந்ததுதான் எனக்குப் பாட்டி. அதை ஒரு வாசனைத் திரவியமாக்கி அத்தைகளுக்கும் அவர்கள் பிள்ளைகளுக்கும் ஆளுக்கொரு புட்டி கொடுக்க ஆசை. மேசை இழுப்பறையில் கிடந்த துணிகளை இரண்டு மாதம் எண்ணெயில் ஊறவைத்தேன். சிக்கு வாடைதான் வந்தது. மல்லிகையைத் தண்ணீரில் கொதிக்க வைத்தேன். வெந்த கீரை மாதிரி மணத்தது. எங்கே தவறினேன்? செயற்கைப் பொருள் எதுவும் சேர்க்காமல் செய்ய வழி உண்டா?

– ஒரு வாசகி

அன்புள்ள வாசகிக்கு,

இரும்பிலிருந்து தொடங்குகிறேன். மிஷின் சக்கரத்தைத் தொட்ட கையில் வரும் வாசனையை இரும்பு வாசனை என்கிறோம். ஆனால் அறை வெப்பத்தில் இரும்பு ஆவியாவதில்லை. ஆவியாகாத எதுவும் மூக்கை எட்டாது. வியர்வையில் கரைந்த இரும்பு அயனிகள் தோலின் கொழுப்பைச் சிதைக்கும்போது 1-ஆக்டென்-3-ஓன் போன்ற சேர்மங்கள் உண்டாகின்றன. நாம் முகர்வது அவற்றைத்தான். 2006இல் வெளியான ஓர் ஆய்வு இதைத் தெளிவாகக் காட்டியது. ஆக, நீங்கள் மிஷினில் முகர்ந்தது பாட்டியின் கையை. இன்று அதே சக்கரத்தைத் தொட்டால் உங்கள் கைதான் மணக்கும்.

எண்ணெய் முயற்சி தோற்றதும் இதனால்தான். இஸ்திரி வாசனை, சூடும் ஈரமும் பருத்தியும் சேரும் சில நொடிகளில் எழுந்து போய்விடும். இழுப்பறைத் துணியில் அது எப்போதோ தீர்ந்துவிட்டது. மிச்சமிருந்தது தூசி, தோலின் எண்ணெய்ப் பிசுக்கு, கொஞ்சம் பூஞ்சை. எண்ணெய் அவற்றை உண்மையாகவே உறிஞ்சியது. கூடவே இரண்டு மாதத்தில் தானும் காற்றுப்பட்டுச் சிக்கு ஏறியது. ஒரு பொருளைச் சுற்றியுள்ள காற்றை உறிஞ்சிப் பகுத்து அதன் வாசனையை அறியும் முறை ஆய்வகங்களில் உண்டு. ஜிவோடான் என்ற வாசனைப்பொருள் நிறுவனத்தின் ரோமன் கைசர் அதை வளர்த்தெடுத்தவர்களில் முக்கியமானவர். அங்கேயும் முடிவில் கிடைப்பது எந்தச் சேர்மம் எவ்வளவு என்ற பட்டியல்தான். வாசனையை அதன்பின் ஒருவர் உட்கார்ந்து கட்டவேண்டும். நீங்களும் கட்டத்தான் வேண்டும்.

மல்லிகை விஷயம் வேறு. பறித்த பிறகும் பல மணி நேரம் அது மணத்தை உற்பத்தி செய்துகொண்டே இருக்கும். கொதிநீர் அந்த வேலையை உடனே நிறுத்திவிடும். மெல்லிய மணம் ஆவியோடு போய்விட, வெந்த இதழின் பச்சை வாடை தங்கும். பழைய காலத்தில் மல்லிகையைக் குளிர்ந்த கொழுப்பின்மேல் பரப்பி, 24 மணி நேரத்துக்கு ஒருமுறை பூவை மாற்றி, இருபது முப்பது தடவை இப்படியே செய்து மணமேற்றினார்கள். பிறகு அந்தக் கொழுப்பை எத்தனாலில் அலசி மணத்தைப் பிரித்தார்கள். உங்கள் செடிப் பூவை வைத்து இதைச் செய்து பார்க்கலாம். பூவில் ஈரம் இருந்தால் கொழுப்பில் பூஞ்சை பிடிக்கும். ஒரு நாளுக்கு மேல் விட்டால் பூ அழுகி அந்த நாற்றமும் ஏறும். பொறுமை இல்லாவிட்டால் கரைப்பான் மூலம் எடுத்த குண்டுமல்லி அப்சல்யூட்டை, அதாவது பூவின் செறிந்த மணச்சாற்றை, வாங்கிக்கொள்வது நல்லது.

செயற்கை வேண்டாம் என்கிறீர்கள். அந்த விருப்பம் புரிகிறது. ஆனால் உங்கள் நினைவு அதற்கு இடம் தரவில்லை. இஸ்திரித் துணியின் வாசனையைத் தரும் பூவெண்ணெய் எதுவும் இல்லை. அதற்கு மிக அருகில் வருபவை ஆல்டிஹைடுகள் என்ற செயற்கை மணச்சேர்மங்கள். 1921இல் எர்னஸ்ட் போ உருவாக்கிய சனெல் எண் 5 என்ற வாசனைத் திரவியத்தைப் புகழ்பெறச் செய்தவை இவைதான். அவற்றில் சி-12 எம்.என்.ஏ. என்பது உலர்ந்து, சற்று உலோகச் சாயலோடு சூடான இஸ்திரிப் பெட்டியை நினைவூட்டும். சி-12 லாரிக் துவைத்த துணி, சோப்பு, மெழுகு. அளவு மீறினால் இரண்டுமே தாங்க முடியாது.

கருவிகளில் மிக முக்கியமானது 0.01 கிராம் வரை காட்டும் தராசு. சொட்டுக் கணக்கு வேண்டாம்: பொருளின் அடர்த்தியையும் குழாய் முனையையும் பொறுத்துச் சொட்டின் எடை மாறும், இன்று செய்ததை நாளை திரும்பச் செய்ய முடியாது. எத்தனால் 95 சதவீதத்துக்குக் குறையாமல், வாசனைத் தொழிலுக்கென விற்கப்படுவதாக இருக்கட்டும். ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலின் சொந்த வாடை எல்லாவற்றையும் மூடும். மெத்தனால் நஞ்சு, எந்தக் காரணத்துக்காகவும் தொடாதீர்கள். எத்தனால் அறை வெப்பத்திலேயே தீப்பற்றும் ஆவி விடும் என்பதால் அடுப்பு, விளக்கு அருகே இந்த வேலை கூடாது.

வீரியமான பொருட்களை முதலில் நீர்க்க வைத்துக்கொள்ளுங்கள். 1 கிராம் பொருளும் 9 கிராம் எத்தனாலும் சேர்ந்தால் 10 சதவீதக் கரைசல். அதில் 1 கிராம் எடுத்து மீண்டும் 9 கிராம் எத்தனால் சேர்த்தால் 1 சதவீதம்.

இனி 10 கிராம் செறிவுக்கான, அதாவது கடைசியில் எத்தனாலில் கலக்கவேண்டிய மணக்கலவைக்கான, என் கணக்கு. இதைத் தொடக்கப்புள்ளியாக மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். துணிக்கு: சி-12 எம்.என்.ஏ. 10 சதவீதக் கரைசல் 0.20 கிராம், சி-12 லாரிக் 10 சதவீதக் கரைசல் 0.10, லினலூல் 0.60, எத்திலீன் பிராசிலேட் 1.50. கடைசியில் சொன்னது கஸ்தூரி வகை. தோலோடு ஒட்டிய சுத்தமான துணியின் மென்மையை அதுதான் தரும்.

மல்லிகைக்கு: ஹெடியோன் 2.80, பென்சைல் அசிடேட் 0.50, குண்டுமல்லி அப்சல்யூட் 10 சதவீதக் கரைசல் 0.50, இண்டோல் 10 சதவீதக் கரைசல் 0.10. ஹெடியோன் என்ற மெல்லிய மல்லிகைச் சாயலுள்ள செயற்கைச் சேர்மம் இல்லாமல் இந்த நினைவை என்னால் கற்பனை செய்ய முடியவில்லை. 1966இல் எத்மோன் ருட்னிட்ஸ்கா ஓ சோவாஜ் என்ற வாசனைத் திரவியத்தில் அதைப் பயன்படுத்தியபின் வாசனைத் தொழிலே மாறிப்போனது. அது பூவைக் காட்டாது; பூவைச் சுற்றியிருக்கும் காற்றைக் காட்டும். உங்கள் மல்லிகை ஜன்னலுக்கு வெளியே அல்லவா இருக்கிறது? அப்சல்யூட்டை அதிகமாக்கினால் செடி மேசைமேல் ஏறி உட்கார்ந்துவிடும். இண்டோல் தனியாக முகர்ந்தால் அந்துருண்டை போல இருக்கும். ஆனால் அதை நீக்கிவிட்டால் மல்லிகை உயிரில்லாத சோப்பு மல்லிகையாகிவிடும்.

மேசைக்கும் மிஷினுக்கும்: ஐசோ ஈ சூப்பர் (மர வாசனைச் செயற்கைப் பொருள்) 2.00, வர்ஜீனியா சிடார் எண்ணெய் 1.20, வெட்டிவேர் எண்ணெய் 0.30, ரோஸ் ஆக்சைடு 1 சதவீதக் கரைசல் 0.10, 1-ஆக்டென்-3-ஆல் 1 சதவீதக் கரைசல் 0.10. இந்த சிடார்தான் பென்சில் சீவும்போது வரும் வாசனை. துணியில் கோடு போட அவர் பென்சில் வைத்திருந்தால் இன்னும் பொருத்தம். ரோஸ் ஆக்சைடு சன்னமான உலோகக் கீற்று. ஆக்டெனால் தனியாகக் காளான் வாசனை. கையில் உருவாகும் அந்த ஆக்டெனோனின் நெருங்கிய உறவு, ஆனால் அதைவிட அடங்கியது. இத்தனை சிறிய அளவில் காளான் தெரியாது. உலோகத்தைத் தொட்ட விரல் மட்டும் தெரியும்.

மூன்று பகுதிகளையும் முதலில் தனித்தனிப் புட்டியில் செய்து பழகுங்கள். மொத்தமாகச் சேர்த்தபின் எது தவறு என்று கண்டுபிடிப்பது மிகக் கடினம். எடை போடும்போது மிகக் குறைந்த அளவுள்ளவற்றை முதலில் போடுங்கள். கை தவறினாலும் சொற்பமே வீணாகும். காகிதத் துண்டில் தோய்த்து உடனே, அரை மணி கழித்து, மறுநாள் காலை என மூன்று தடவை முகருங்கள். மூக்கு களைத்தால் உங்கள் முழங்கை மடிப்பை முகர்ந்துவிட்டுத் தொடருங்கள். ஒரு சோதனையில் ஒரு பொருளை மட்டும் மாற்றுங்கள், அதையும் எழுதி வையுங்கள்.

சோப்புக் கட்டி போல இருந்தால் லாரிக்கைப் பாதியாக்குங்கள். அந்துருண்டை எட்டிப் பார்த்தால் இண்டோல் மிகை. மண்ணும் வேரும் முன்னால் நின்றால் வெட்டிவேரை 0.15க்கு இறக்குங்கள். மறுநாள் துண்டில் எதுவுமே இல்லை என்று தோன்றினால் பதறி எதையும் கூட்டாதீர்கள்: சில கஸ்தூரிகளைச் சிலரால் முகரவே முடியாது. வேறொருவரிடம் கொடுத்துப் பாருங்கள்.

முடிவான செறிவை ஒரு வாரம் மூடி வைத்துவிட்டு 1.5 கிராம் செறிவுக்கு 8.5 கிராம் எத்தனால் சேர்த்து, இருட்டான குளிர்ந்த இடத்தில் நான்கு வாரம் விடுங்கள். இதை அவசரப்படுத்தக் கூடாது. ஆல்டிஹைடுகள் எத்தனாலோடு மெல்ல வினைபுரிந்து முனை மழுங்கும். முதல் நாள் குத்திய இஸ்திரி ஒரு மாதத்தில் துணிக்குள் இறங்கியிருக்கும். பிறகு இரண்டு நாள் குளிர்பெட்டியில் வைத்து, அப்சல்யூட்டின் மெழுகு படிந்ததும் காபி வடிதாளில் வடிகட்டுங்கள். தண்ணீர் சேர்த்தால் கலங்கும், தேவையே இல்லை. புட்டியைக் கழுத்துவரை நிரப்புங்கள். காற்றுப்பட்டால் ஆல்டிஹைடு புளித்த கொழுப்பு வாடை அடிக்கும் அமிலமாகும். ஆக்சிஜனேற்றமடைந்த லினலூல் தோலில் ஒவ்வாமையை உண்டாக்கும்.

நிறம் மஞ்சளாகி, பின் செம்பழுப்பாகும். இண்டோலின் குணம் அது, கெட்டுவிட்டதாக நினைக்க வேண்டாம். ஆனால் வெள்ளைத் துணியில் அடித்தால் கறை விழும். துணியைப் பற்றிய வாசனையைத் துணியில் போட முடியாது என்பது வருத்தம்தான். தோலில் பூசச் சொல்லுங்கள். யாருக்குக் கொடுப்பதானாலும் முதலில் முழங்கை உள்பக்கம் சிறிது தடவி இரண்டு நாள் கவனிக்கச் சொல்லுங்கள். உட்பொருட்களின் பெயரையும் புட்டியோடு கொடுங்கள்.

அத்தைகளிடம் கொண்டுபோகும்போது இது பாட்டியின் வாசனை என்று சொல்லிவிடாதீர்கள். சொன்னால் எதைக் கொடுத்தாலும் ஆமாம் என்பார்கள். இஸ்திரி கூடியது ஒன்று, மல்லிகை கூடியது ஒன்று, மரம் கூடியது ஒன்று, எதுவும் தோய்க்காதது ஒன்று என நான்கு துண்டுகளுக்கு எண் மட்டும் போட்டு, என்ன நினைவு வருகிறது என்று கேளுங்கள். மூத்த அத்தைக்கு இளவயதுத் தாயையும் கடைசி அத்தைக்கு வேறொரு பருவத்துத் தாயையும்தான் தெரியும். பதில்கள் ஒத்துப்போகாவிட்டால் நடுவாந்திரமாக ஒன்றைச் செய்ய முனையாதீர்கள். அது யாருடைய தாயாகவும் இருக்காது. அடிப்படை ஒன்றே இருக்க, ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு பகுதியை மட்டும் கூட்டிக் கொடுங்கள்.

குறிப்பேட்டில் எடைகளோடு, பொருள் வாங்கிய தேதியையும் புட்டியில் அச்சிட்ட தொகுதி எண்ணையும் எழுதுங்கள். வெட்டிவேரும் மல்லிகையும் அறுவடைக்கு அறுவடை மாறும். பத்து வருடம் கழித்து உங்கள் பிள்ளைகள் இதை மறுபடி செய்யும்போது எங்கே திருத்த வேண்டும் என்பதை அந்த எண்கள்தான் சொல்லும்.