தோல் ஆலையில் உள்ளூர் ஆட்களையும் வடமாநிலத்தவரையும் சேர்த்து வேலை வாங்குவது எப்படி?

ராணிப்பேட்டைத் தோல் ஆலையில் புதிதாக சூப்பர்வைசர் ஆகியிருக்கிறீர்கள், இரண்டு தரப்பும் ஒட்டவில்லை என்கிறீர்கள். முதலில், வந்தவர்கள் எல்லோரையும் 'ஹிந்திக்காரங்க' என்று ஒரே கணக்கில் சேர்க்காதீர்கள். ஒடிசாக்காரர் வீட்டில் ஒடியா பேசுவார். வடபீகார்க்காரர் மைதிலியோ போஜ்புரியோ பேசுவார். ஜார்க்கண்டிலிருந்து வந்தவருக்குத் தாய்மொழி சந்தாலியாகவும் இருக்கலாம். நீங்கள் அரைகுறை ஹிந்தியில் சொன்னதற்குத் தலையாட்டினால் புரிந்துவிட்டது என்று அர்த்தமில்லை.

தோல் வேலையில் இது உயிர் விஷயம். சுண்ணாம்புத் தொட்டியின் சல்ஃபைடு கழிவோடு அமிலக் கழிவு கலந்தால் ஹைட்ரஜன் சல்ஃபைடு என்ற விஷ வாயு கிளம்பும். அளவு கூடினால் அதன் நாற்றமே மூக்குக்குத் தெரியாமல் போய்விடும். அதனால் வாயால் சொல்வதோடு விடாமல் செய்து காட்டுங்கள், அவர்களையும் திரும்பச் செய்யச் சொல்லிப் பாருங்கள். படம் போட்ட எச்சரிக்கைப் பலகையும் வேண்டும்.

மொழிபெயர்ப்பை கான்ட்ராக்டரின் ஆளிடம் மட்டும் விடாதீர்கள். சம்பளப் புகார் அவரைத் தாண்டி உங்களிடம் வராது. ஆம்பூர், வாணியம்பாடி, மேல்விஷாரம் பக்கத்து உருது பேசும் தொழிலாளர்கள் இருந்தால் உங்களுக்கு அதிர்ஷ்டம்தான், உருது ஹிந்திக்கு நெருக்கம் என்பதால் இரண்டு தரப்போடும் பேசுவார்கள். ஆனால் அந்த உதவியை ஓசியில் வாங்காதீர்கள், படி போட்டுக் கொடுங்கள்.

சாப்பாட்டுச் சண்டை பெரிதில்லை, மெஸ்ஸில் ரொட்டியும் வைத்தால் பாதி அடங்கும். லீவுதான் சிக்கல். பீகார்க்காரர்கள் ஊருக்குப் போய்க் கொண்டாடும் சத் பூஜைப் பண்டிகை தீபாவளி முடிந்து ஆறாம் நாள் வரும். ரயில் டிக்கெட் முன்பதிவு தொடங்குவதற்குள் யாருக்கு எப்போது லீவு என்று எழுதி ஒட்டிவிடுங்கள், பொங்கல் லீவையும் அதே பட்டியலில்.