டாக்டர் சொன்னார், ஊசி போட்டேன்: பொறுப்பு யாருக்கு?

செவிலியர் பணியும் சட்டமும்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: தனியார் மருத்துவமனையில் இரவு டூட்டி பார்க்கிறேன். டாக்டர் போனிலேயே "கேசிஎல் (பொட்டாசியம் குளோரைடு) ஒரு ஆம்பூல் போட்டுடுங்க சிஸ்டர்" என்று சொல்லிவிட்டு வைத்துவிடுகிறார். ஏதாவது ஆகிவிட்டால் அவர்தானே பொறுப்பு? (ஸ்டாஃப் நர்ஸ், தஞ்சாவூர்)

பதில்: ஆர்டர் அவருடையது, சிரிஞ்சைப் பிடித்த கை உங்களுடையது. விசாரணை என்று வந்தால் இரண்டுக்கும் தனித்தனியாகக் கணக்குக் கேட்பார்கள்.

கேசிஎல்லையே எடுத்துக்கொள்ளுங்கள். 10 மி.லி. ஆம்பூலில் (சிறு மருந்துக் குப்பி) 20 மில்லி ஈக்விவலன்ட் (பொட்டாசியத்தை அளக்கும் அலகு) பொட்டாசியம் இருக்கிறது. 500 மி.லி. சலைனில் கலந்து, சாதாரண வார்டில் கை நரம்பு வழியாக மணிக்கு 10 மில்லி ஈக்விவலன்டுக்கு மேல் போகாமல், அதாவது குறைந்தது இரண்டு மணி நேரத்தில் இறக்க வேண்டும். நேரடியாக நரம்பில் தள்ளினால் இதயம் நின்றுவிடும். தொங்கிக்கொண்டிருக்கும் பாட்டிலில் அப்படியே குத்திவிடுவதும் ஆபத்து. மருந்து அடியில் தங்கி, முதலில் மொத்தமாக இறங்கும். பாட்டிலைக் கழற்றி, கலந்து, குலுக்கிய பிறகே மாட்டுங்கள். இதெல்லாம் நர்சிங் படித்தவருக்குத் தெரிந்திருக்க வேண்டியவை என்பதால் "டாக்டர் கலக்கச் சொல்லவில்லை" என்ற பதில் எடுபடாது.

போன் ஆர்டரைக் கேட்கும்போதே எழுதுங்கள். நோயாளி பெயர், மருந்து, அளவு, எதில் கலப்பது, எவ்வளவு நேரம் என்று திருப்பி வாசித்துக் காட்டுங்கள். ஃபிஃப்டீனும் ஃபிஃப்டியும் போனில் ஒன்றுபோலவே கேட்கும். "ஒன்று, ஐந்து" என்று பிரித்துச் சொல்லுங்கள். ஸ்பீக்கரில் இன்னொரு சிஸ்டரும் கேட்கட்டும். கேஸ் ஷீட்டில் 'போன் ஆர்டர்' என்று குறித்து, நேரம், டாக்டர் பெயர், கேட்ட இருவர் கையெழுத்து. 24 மணி நேரத்துக்குள் டாக்டரின் கையெழுத்தும் வேண்டும். சந்தேகம் தீரவில்லையா? மருந்தை நிறுத்திவைத்து, டூட்டி டாக்டரையும் இன்சார்ஜ் சிஸ்டரையும் கூப்பிடுங்கள். கூப்பிட்ட நேரத்தையும் எழுதுங்கள். டாக்டருக்குக் கோபம் வரும், வரட்டும்.

இன்னொன்று. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள புதிய குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 106(1) பிரிவுப்படி, கவனக்குறைவால் மரணம் விளைவித்தால் ஐந்து ஆண்டு வரை சிறை. மருத்துவச் சிகிச்சையின்போது நேர்ந்தால் பதிவுபெற்ற மருத்துவருக்கு மட்டும் இரண்டு ஆண்டு வரை. அந்த விளக்கத்துக்குள் செவிலியர் வரவில்லை. பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 304ஏ பிரிவில் எல்லோருக்கும் இரண்டு ஆண்டுதான். இந்த வேறுபாடு நியாயமாகத் தெரியவில்லை. ஆனாலும் இன்றைய சட்டம் இதுதான்.

இழப்பீட்டு வழக்கில் மருத்துவமனையும் சேர்ந்தே மாட்டும். தகுதியற்ற நர்ஸ் தவறான ஊசி போட்டு ஒரு குழந்தையின் மூளை பாதிக்கப்பட்ட வழக்கில், 1998இல் உச்ச நீதிமன்றம் மருத்துவமனையையே பொறுப்பாக்கியது.

கேள்வி: 100 யூனிட் (ஒரு மி.லி.க்கு 100 யூனிட்) இன்சுலினை 40 யூனிட் சிரிஞ்சில் எடுத்துப் போட்டுவிட்டேன். நோயாளி நன்றாகத்தான் இருக்கிறார். இதையும் எழுத வேண்டுமா? (வாசகி, மதுரை)

பதில்: எழுதுவது அப்புறம், முதலில் டாக்டரிடம் சொல்லுங்கள். சிவப்பு மூடி போட்ட 40 யூனிட் சிரிஞ்சில் 10 யூனிட் கோடு வரை எடுத்தால் கால் மி.லி.; 100 யூனிட் குப்பியில் அது 25 யூனிட். இரண்டரை மடங்கு! சர்க்கரை இப்போது சரியாக இருப்பது ஒன்றையும் காட்டாது. ரெகுலர் இன்சுலினே ஆறு முதல் எட்டு மணி நேரம் வேலை செய்யும். அடிக்கடி சர்க்கரை பார்க்க வேண்டும், குளுக்கோஸ் கைக்கெட்டும் இடத்தில் இருக்க வேண்டும்.

நோட்ஸில் கொடுத்த அளவு, நேரம், யாரிடம் சொன்னீர்கள், சர்க்கரை எவ்வளவு என்பவை போதும், சமாதானம் வேண்டாம். முன்பு எழுதியது தவறென்றால் ஒற்றைக் கோடு, பக்கத்தில் தேதி, நேரம், கையெழுத்து. அடியில் இருப்பது படிக்கத் தெரிய வேண்டும். ஒயிட்னர் பூசிய பக்கத்தைப் பார்க்கும் வக்கீல் அதைத் தாண்டி வேறெதையும் கேட்க மாட்டார்.

கேள்வி: எச்ஐவி உள்ளவரின் மனைவியிடம் நாங்களே சொல்லிவிடலாமா? (செவிலியர், சேலம்)

பதில்: கூடாது. 2017ஆம் ஆண்டு எச்ஐவி, எய்ட்ஸ் சட்டப்படி துணைவரிடம் சொல்லும் அதிகாரம் மருத்துவருக்கும் ஆலோசகருக்கும்தான், அதுவும் நிபந்தனைகளோடு. டாக்டரின் கவனத்துக்குக் கொண்டுபோவது உங்கள் வேலை. கட்டிலில் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டும் பழக்கம் உங்கள் வார்டில் இருந்தால் அதையும் எடுத்துவிடுங்கள். வருகிறவர் போகிறவர் எல்லோருக்கும் அது சொல்லிக்கொண்டே இருக்கும்.