கணக்கு ஓடாத தலை என்று ஒன்று உண்டா?

கேள்வி: என் மகள் தரம் 10இல் படிக்கிறாள். தரம் 8 வரை கணிதத்தில் வகுப்பின் முதல் ஐந்து பேருக்குள் நின்றவள், சென்ற தவணைப் பரீட்சையில் 31 புள்ளிகளே எடுத்தாள். ரியூசன் வகுப்பை மாற்றியும் பயனில்லை. கேட்டால், “எனக்குக் கணக்கு ஓடாது அம்மா, உங்களுக்கும் ஓடாதுதானே” என்கிறாள். நானும் சாதாரண தரத்தில் இரண்டாம் முறைதான் கணிதத்தில் சித்தியடைந்தேன். இது பரம்பரையா? பிழைத்த கணக்கை அவள் தாள் கிழியும்வரை அழிறப்பரால் தேய்ப்பதைப் பார்க்கப் பயமாக இருக்கிறது.
– ஒரு தாய், உப்புவெளி

பதில்: உங்கள் கடிதத்தின் கடைசி வரியிலிருந்தே தொடங்குகிறேன். தாள் கிழியும்வரை தேய்க்கிற பிள்ளைக்குக் கணக்கில் அக்கறை இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. பிழை விட்டவள் என்று பிறர் அறிந்துவிடக்கூடாது என்ற தவிப்பே அவள் கையில் தெரிகிறது. சிறு வயதிலிருந்தே ‘கெட்டிக்காரி’ என்று பெயரெடுத்த பிள்ளைகளிடம் இத்தவிப்பை நான் அதிகம் கண்டிருக்கிறேன். ஆசிரியராக இருந்த காலத்தில் அந்தச் சொல்லைச் சிவப்பு மையால் எத்தனையோ கொப்பிகளில் எழுதியவன் என்பதால், இதில் எனக்கும் பங்குண்டு.

குளோடியா முல்லர், கரோல் டுவெக் என்ற இரு உளவியலாளர்கள் அமெரிக்காவில் ஐந்தாம் வகுப்பு மாணவர்களிடம் நடத்திய ஆய்வுகளை 1998இல் வெளியிட்டார்கள். முதல் தொகுதிப் புதிர்களைச் செய்து முடித்த பின்னர், சில பிள்ளைகளின் புத்திசாலித்தனத்தையும் வேறு சிலரின் உழைப்பையும் புகழ்ந்தார்கள். அடுத்து வேண்டுமென்றே கடினமான புதிர்களைக் கொடுத்துத் தடுமாறச் செய்து, மீண்டும் முதலாவதை ஒத்த எளிய தொகுதியைக் கொடுத்தபோது, புத்திசாலி என்று கேட்ட பிள்ளைகள் தொடக்கத்தில் செய்ததைவிடக் குறைவாகச் செய்தார்கள். உழைப்புக்காகப் புகழப்பட்டவர்களோ முன்னேறினார்கள். செய்ய முடிந்தால் புத்திசாலி என்று நம்பவைக்கப்பட்ட பிள்ளை, செய்ய முடியாதபோது தான் மந்தம் என்று முடிவுகட்டுவதில் வியப்பில்லை. ‘தலையெழுத்து’, ‘மண்டையில் ஏறாது’ என்று நம் வீடுகளில் புழங்கும் சொற்களும் அதே முடிவைத்தான் அவளுக்குக் கையளிக்கின்றன.

பரம்பரையைக் கேட்டீர்கள். ஆற்றலில் ஆளுக்காள் வேறுபாடு உண்டு, அதில் பிறப்புக்கும் பங்குண்டு. அதை மறைத்து உங்களைத் தேற்ற விரும்பவில்லை. ஆனால் தரம் 8இல் இருந்த ஆற்றலைப் பரம்பரை வந்து தரம் 10இல் பறித்துக்கொண்டு போகாது. கீழ் வகுப்பில் எங்கோ ஓர் ஓட்டை விழுந்திருக்க வேண்டும். 12 – (5 – 3) என்ற கணக்கை அவளிடம் கொடுத்து, அடைப்பை நீக்கிச் செய்யச் சொல்லிப் பாருங்கள். 12 – 5 – 3 என்று எழுதி 4 என்று விடை சொன்னால், அடைப்புக்கு முன் நிற்கும் கழித்தற் குறி உள்ளே இருப்பதையும் மாற்றும் என்பது (விடை 10) அவளுக்கு இன்னும் உறைக்கவில்லை. அந்த ஒரு பிழை அட்சரகணிதப் பாடம் முழுவதையும் கெடுக்கும். ரியூசன் வகுப்புகள் பாடத்திட்டத்தை முடிக்கிற அவசரத்தில் இத்தகைய ஓட்டைகளைத் தாண்டி ஓடிவிடுகின்றன.

ஆகவே தரம் 8 பாடநூலை எடுத்துக்கொண்டு தினமும் நான்கைந்து கணக்குகள் போதும். அழிறப்பரை ஒளித்துவைத்துவிட்டு, பிழையை ஒரே கோட்டால் வெட்டி, அதன் கீழேயே திருத்தி எழுதச் சொல்லுங்கள். ‘உன்னால் முடியும்’ என்ற பேச்சை மட்டும் நம்பியிருக்க வேண்டாம். அறிவாற்றல் வளரக்கூடியது என்று சுமார் 12,000 அமெரிக்க மாணவர்களுக்கு இணையவழியில் கற்பித்துப் பார்த்த 2019ஆம் ஆண்டு ஆய்வில், பின்தங்கிய மாணவர்களின் பெறுபேறு உயர்ந்தது உண்மைதான், ஆனால் சிறிதளவே உயர்ந்தது.

இன்னொன்று. இரண்டாம் முறை சித்தியடைந்ததை நீங்கள் ஒரு குறையாக எழுதியிருக்கிறீர்கள். முதல் முறைக்கும் இரண்டாம் முறைக்கும் இடையில் என்ன செய்தீர்கள், எந்தக் கணக்கு எப்போது பிடிபட்டது என்பதை மகளிடம் எப்போதாவது சொன்னதுண்டா?

கேள்வி: அலுவலகத்தில் இளையவர்கள் சிங்களத்தை விரைவாகப் பிடித்துக்கொள்கிறார்கள். 46 வயதில் எனக்கு வருமா?
– ஒரு வாசகர், கிண்ணியா

பதில்: உச்சரிப்பில் தமிழ் வாடை தங்கிவிடலாம், மற்றவை வரும். வினைச்சொல் கடைசியில் வருகிற வாக்கிய அமைப்பு இரு மொழிக்கும் பொது என்பதால் பாதி வழி உங்களுக்குத் தெரிந்ததுதான். நாம் ஒரே ‘க’வால் சமாளிக்கிற ஒலிகளுக்கு அங்கே தனித்தனி எழுத்துகள் இருப்பதுதான் சில காலம் தொல்லை தரும்.

தன்னால் முடியும் என்ற நம்பிக்கை எங்கிருந்து பிறக்கிறது என்பதை ஆராய்ந்து 1977இல் எழுதிய அல்பேர்ட் பண்டுரா, தானே ஒன்றைச் செய்து முடித்த அனுபவத்தை முதலிடத்திலும், தன்னை ஒத்த ஒருவர் செய்வதைக் காண்பதை அடுத்தும் வைத்தார். இளையவர்களோடு ஒப்பிடுவதை விட்டு, நாற்பதுக்கு மேல் சிங்களம் கற்ற ஒருவரைத் தேடிப் பழகுங்கள். பஸ் நிலையத்தில் பெயர்ப்பலகைகளின் தமிழ் வரியைப் பார்க்குமுன் சிங்கள வரியை வாசித்துப் பழகலாம். திருகோணமலையின் சிங்களப் பெயர் கூட்டெழுத்தோடு தொடங்கி மிரட்டும். முதலில் கிண்ணியாவை வாசியுங்கள்.