ஏற்றத்துக்கு எந்த ஒயில்? வாசகர் கேள்வி பதில்

கேள்வி: அண்ணே, பன்னிரண்டு வருடம் டொல்பின் வேன் ஓட்டினேன். இந்த வருடம் அதைக் கொடுத்துவிட்டு டர்போ உள்ள கேடிஎச் வேன் எடுத்திருக்கிறேன். வாரத்தில் நான்கு நாள் கொழும்பு ஹயர். கடையில் சிந்தெட்டிக் ஒயில் போடச் சொல்கிறார்கள். விலை சாதா ஒயிலைவிட இரண்டு மடங்கு. ஆனால் பத்தாயிரம் கிலோமீட்டர் வரை மாற்றத் தேவையில்லையாம். போடலாமா?
(வேன் சாரதி, தலவாக்கலை)

பதில்: போடுங்கள் தம்பி. ஆனால் அந்தப் பத்தாயிரம் பேச்சைக் கடையிலேயே விட்டுவிட்டு வாருங்கள்.

சாதா ஒயில், அதாவது மினரல் ஒயில், மசகு எண்ணெயை (நிலத்தடியிலிருந்து எடுக்கும் குரூட் ஒயிலை) சுத்திகரித்து எடுப்பது. அதில் சின்ன மூலக்கூறும் பெரியதும் மெழுகும் கலந்து கிடக்கும். தேயிலைத் தொழிற்சாலையில் சலிப்பதற்கு முன்னால் தூளும் நாரும் இலையும் ஒன்றாகக் கிடக்குமே, அப்படி. எஞ்சின் சூடேறும்போது லேசான பகுதி ஆவியாகிவிடும். மிச்சம் தடித்து, நாளடைவில் களியாகி வால்வு மூடிக்கு அடியில் படியும். சிந்தெட்டிக் ஒயிலில் மூலக்கூறுகள் ஏறக்குறைய ஒரே அளவு. இரசாயன முறையில் கட்டி எடுப்பதும் உண்டு, மசகு எண்ணெயையே ஐதரசன் கொண்டு ஆழமாகச் சுத்திகரித்து அந்தப் பெயரில் விற்பதும் உண்டு. இரண்டாவது வகையும் நல்ல ஒயில்தான். இரண்டுமே சூட்டில் சீக்கிரம் மெலியாது, குளிரில் சீக்கிரம் தடிக்காது.

இப்போது உங்கள் பாதையைப் பாருங்கள். கொழும்பிலிருந்து அவிசாவளை வரை வண்டிக்குப் பெரிய வேலை இல்லை. கித்துல்கல தாண்டியதும் கினிகத்தேனை, வட்டவளை, ஹட்டன் என்று ஏற்றம்தான். ஆள் நிறைந்த வேன் சின்னக் கியரில் முக்கிக்கொண்டு ஏறும்போது எஞ்சின் வேகமாகச் சுற்றுகிறது, முன்னாலிருந்து வரும் காற்றோ குறைவு. ஒயில் அதிகமாகச் சூடேறுகிற இடம் இதுதான். சூடு பத்துப் பாகை கூடினால் ஒயில் கெடும் வேகம் ஏறத்தாழ இரண்டு மடங்காகும் என்பது எங்கள் தொழிலில் பழைய கணக்கு.

டர்போ (எஞ்சின் புகையின் விசையில் சுழன்று எஞ்சினுக்குள் காற்றை அழுத்தி அனுப்பும் கருவி) இருந்தால் கதை இன்னும் கடுமை. ரம்பொடை ஆஞ்சநேயர் கோயிலுக்கு அடிக்கடி ஆட்களை ஏற்றிப்போன ஒரு வேன் சில வருடங்களுக்கு முன் ஹட்டனில் எங்கள் கராஜுக்கு வந்தது. நீலப் புகை, இழுவை இல்லை. டர்போவைக் கழற்றினால், ஒயில் போகிற குழாயில் ஈர்க்குச்சிகூட நுழையவில்லை. அவ்வளவு கரி. விசாரித்தபோது, அந்தச் சாரதி மேலே போய்ச் சேர்ந்த கையோடு திறப்பைத் திருப்பி எஞ்சினை நிறுத்துபவர். நிறுத்தியதும் ஒயில் ஓட்டம் நின்றுவிடுகிறது, கொதிக்கிற டர்போவுக்குள் மாட்டிய ஒயில் அங்கேயே கருகுகிறது. வண்டியில் இருந்தது சாதா ஒயில், அதுவும் நாள் கடந்தது. ஒரு மாத உழைப்பு அந்த டர்போவுக்கே போனது, அந்த மனிதரின் முகம் எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. சிந்தெட்டிக் இப்படிச் சீக்கிரம் கருகாது. இருந்தாலும் ஏறி முடிந்ததும் இரண்டு நிமிடம் எஞ்சினைச் சும்மா ஓடவிட்டு நிறுத்துங்கள்.

அப்புறம் விடியற்காலை. ஒயில் பெயரில் 15டபிள்யூ-40 (பெரும்பாலும் சாதா), 5டபிள்யூ-40 (பெரும்பாலும் சிந்தெட்டிக்) என்று இருக்கும். பின்னால் உள்ள எண் சூட்டுக்கு, முன்னால் உள்ளது குளிருக்கு. சூடானபின் இரண்டும் ஒரே தடிப்பு. ஆனால் தை மாதத்தில் நுவரெலியாவில் உறைபனி விழுந்த காலையில் ஸ்டார்ட் செய்தால், 5டபிள்யூ ஒயில்தான் முதலில் எஞ்சினின் மேல்பாகத்துக்குப் போய்ச் சேரும். அந்தச் சில வினாடிகளில்தான் எஞ்சின் அதிகம் தேய்கிறது. அதற்காகப் பயப்பட வேண்டாம். 15டபிள்யூ ஒயிலைப் பூச்சியத்துக்குக் கீழே 20 பாகையில் சோதித்துத்தான் விடுகிறார்கள், நம் குளிரில் அது கட்டியாகாது. சூடும் டர்போவும்தான் உங்களுக்குப் பெரிய காரணம், குளிர் அதற்கு அடுத்தது.

சரி, பத்தாயிரம். இரண்டாம் கியரில் ஒரு கிலோமீட்டர் ஏறினால், எஞ்சின் சுற்றுவது நான்காம் கியரில் சமதரையில் இரண்டு கிலோமீட்டர் ஓடியதற்குச் சமம். மீட்டர் ஒன்று என்றுதான் காட்டும். வண்டிப் புத்தகத்தில் கடும் பாவனைக்கென்று தனியாகக் குறைந்த கணக்கு இருக்கும், நமக்கு அதுதான். என்னிடம் வரும் டர்போ வேன்களுக்கு சிந்தெட்டிக் போட்டும் ஏழாயிரத்தைத் தாண்ட விடுவதில்லை. ஒவ்வொரு முறையும் ஃபில்டரும் மாற வேண்டும். சைலன்சர் பக்கம் கரி வடிகட்டி உள்ள வண்டியென்றால் சாம்பல் குறைந்த டீசல் ஒயில்தான் ஊற்ற வேண்டும், இல்லாவிட்டால் வடிகட்டி அடைத்துவிடும்.

டொல்பினுக்கு நீங்கள் இத்தனை காலம் மினரல் போட்டதில் தவறே இல்லை. டர்போ இல்லாத அந்தப் பழைய எஞ்சினுக்கு, நேரத்துக்கு மாற்றினால் அது போதும்.

கேள்வி: காருக்கு வாங்கிய 5டபிள்யூ-30 சிந்தெட்டிக் மிச்சம் இருந்தது. நல்ல ஒயில்தானே என்று ஓட்டோவுக்கு ஊற்றினேன். இப்போது ஏற்றத்தில் எஞ்சின் கத்துகிறது, வண்டி நகரமாட்டேன் என்கிறது.
(ஓட்டோ சாரதி, இராகலை)

பதில்: கிளட்ச் வழுக்குகிறது தம்பி. ஓட்டோவில் கிளட்ச் தட்டுகளும் அதே ஒயிலில்தான் நனைகின்றன. கார் ஒயிலில் உராய்வைக் குறைக்கும் மருந்து சேர்த்திருக்கும், எஞ்சினுக்கு நல்லதான அது கிளட்சுக்கு ஆகாது. உடனே வடித்துவிட்டு, ஜாசோ எம்ஏ அல்லது எம்ஏ2 (ஒயிலில் நனையும் கிளட்சுக்கு ஏற்றது என்ற தரக் குறி) என்று போட்டிருக்கும் ஒயிலை ஊற்றுங்கள். தட்டுகள் எரியாமல் இருந்தால் பிடிப்பு மெல்லத் திரும்பும். அந்த நிலையில் ஆள் ஏற்றி மலை ஏறாதீர்கள்.

கேள்வி: என் ஹைபிரிட் காரின் புத்தகத்தில் 0டபிள்யூ-20 என்று இருக்கிறது. தெரிந்த மெக்கானிக் மலைநாட்டுக்கு 20டபிள்யூ-50தான் சரி என்கிறார்.
(ஆசிரியை, பண்டாரவளை)

பதில்: புத்தகத்தில் இருப்பதையே போடுங்கள் டீச்சர். 0டபிள்யூ-20 அநேகமாக சிந்தெட்டிக்காகத்தான் வரும். ஹைபிரிட்டில் கார் ஓடும்போதே எஞ்சின் நின்று நின்று மீண்டும் எழும்புகிறது, ஒவ்வொரு முறையும் ஒயில் உடனே எட்ட வேண்டும். தடித்த ஒயில் போட்டால் பெற்றோலும் கூடுதலாகச் செலவாகும்.

கேள்வி: வடித்த ஒயிலை என்ன செய்வது? வீட்டில் மூன்று கேன் சேர்ந்துவிட்டது.
(லிந்துலை வாசகர்)

பதில்: கானில் மட்டும் ஊற்ற வேண்டாம். நம் பக்கத்துக் கான் தண்ணீர் கொத்மலை ஓயாவில்தான் போய்ச் சேருகிறது. மூடி இறுக்கி, பழைய ஒயில் எடுக்கும் சேர்விஸ் நிலையத்தில் கொடுங்கள். புது ஒயில் வந்த வெறும் கேனைக் கத்தியால் கீறிவிட்டுப் போடுங்கள், அதிலேயே போலி ஒயிலை நிரப்பி விற்கிறவர்கள் இருக்கிறார்கள்.