அத்தையைக் கேட்டீர்களா?

கேள்வி: அரையாண்டு விடுமுறைக்கு அந்தமான் போகிறோம். பெண்ணுக்கு ஐந்து வயது, பையனுக்கு இரண்டு. ஐந்து நாளில் போர்ட் பிளேர், ஹேவ்லாக், நீல் மூன்றையும் பார்க்கத் திட்டம். ஹேவ்லாக்கில் நானும் கணவரும் ஸ்கூபா டைவிங் போவதால் அத்தையையும் (கணவரின் அம்மா) கூட்டிப் போகிறோம். அவருக்கு மூட்டுவலி, ரூமிலேயே பிள்ளைகளோடு இருந்துகொள்வார். இவ்வளவு சின்னக் குழந்தைகளுக்கு அந்தமான் ஒத்துக்கொள்ளுமா? என்ன மருந்து, சாப்பாடு எடுத்துப் போகலாம்?
- ஒரு வாசகி, மதுரை

பதில்: மருந்தை உங்கள் குழந்தை மருத்துவரிடம் கேளுங்கள். சாப்பாட்டுக்குக் கவலை வேண்டாம், இட்லியும் தயிர்சாதமும் போர்ட் பிளேரிலேயே கிடைக்கும். தமிழ்க் குடும்பங்கள் தலைமுறைகளாக வாழும் ஊர் அது.

எனக்கு உறுத்துவது வேறு. அத்தை ரூமிலேயே இருந்துகொள்வார் என்கிறீர்களே, அதை அவர் சொன்னாரா? கடிதம் முழுக்கத் தேடிப் பார்த்தேன். அவர் எங்கே போக ஆசைப்படுகிறார், கடலைப் பார்க்க வேண்டும் என்று நினைக்கிறாரா, ஒரு வரி இல்லை. விமானம் ஏற்றிக் கடல் தாண்டிக் கூட்டிப் போய், ரூமில் உட்கார வைத்து, சம்பளமில்லாத ஆயா வேலை கொடுக்கிறீர்கள். இதற்குச் சுற்றுலா என்று பெயர் வைக்காதீர்கள்.

கோபம் உங்கள் மேல் மட்டுமல்ல. அவரைப் பெற்ற தாயாகக் கொண்ட உங்கள் கணவர் என்ன செய்துகொண்டிருக்கிறார்? அம்மாவின் முழங்கால் அவருக்குத் தெரியாதா?

இதில் ஆபத்தும் இருக்கிறது. இரண்டு வயதுப் பையன் கதவு திறந்தால் ஓடுவான். கடற்கரையை ஒட்டிய விடுதியில் அவன் ஓடும் திசை தண்ணீராகத்தான் இருக்கும். அந்தமானில் சில கரைகளில் முதலை எச்சரிக்கைப் பலகையே வைத்திருக்கிறார்கள். மூட்டுவலிக்காரர் எழுந்து நிற்பதற்குள் அவன் எங்கே இருப்பான்? நீங்கள் இருவரும் அந்த நேரம் கடலுக்கடியில். ஏதாவது ஆனால் காலத்துக்கும் பழி யார் மேல் விழும் என்று யோசித்தீர்களா? பேரப்பிள்ளையைக் கொஞ்சுவது பாட்டியின் பாக்கியம். கடலோரத்தில் காவல் காப்பது பெற்றவர்கள் கடமை, அதை யார் தலையிலும் கட்ட முடியாது.

ஸ்கூபா வேண்டுமா, ஒரு நாள் நீங்கள் போங்கள், மறுநாள் உங்கள் கணவர் போகட்டும். கரையில் இருப்பவர் பிள்ளைகளைப் பார்க்கட்டும்.

நீல் தீவை விட்டுவிடுங்கள். மூன்று தீவு என்றால் மூன்று படகுப் பயணம், ஒவ்வொன்றுக்கும் படகுத்துறையில் மூட்டை முடிச்சோடு காத்திருப்பு. ஹேவ்லாக்குக்கே ஒன்றரை, இரண்டு மணி நேரம் ஆகும், அலை இருந்தால் பெரியவர்களே வாந்தி எடுப்பார்கள். அங்கே எலிஃபன்ட் பீச்சுக்குச் சாலை கிடையாது, காட்டு வழி நடக்க வேண்டும் அல்லது படகில் போக வேண்டும். அது அத்தைக்கு ஆகாது. ராதாநகர் கடற்கரை அப்படியில்லை, கார் கரைக்குப் பக்கத்திலேயே போய் நிற்கும், மணலை ஒட்டி மரநிழல் உண்டு. மூன்றரை மணிக்கே போய்விடுங்கள். டிசம்பரில் அங்கே ஐந்து மணி வாக்கிலேயே சூரியன் மறைந்துவிடும், நம் ஊர்க் கணக்கில் கிளம்பினால் இருட்டைத்தான் பார்ப்பீர்கள். அத்தைக்கு ஒரு நாற்காலி வாங்கிப் போடுங்கள். பையன் பின்னால் அவருடைய மகன் ஓடட்டும்.

போர்ட் பிளேரில் செல்லுலார் சிறைக்கும் அவரைக் கூட்டிப் போங்கள். 1906-ல் கட்டி முடித்த சிறை, ஏழு கிளைகளில் மூன்று மிச்சம் இருக்கின்றன. மாடிப்படி ஏற முடியாவிட்டால் மாலை ஒலி-ஒளிக் காட்சியை உட்கார்ந்தபடியே பார்க்கலாம்.

இதையெல்லாம் திட்டம் போடும் முன், இன்று ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு உங்கள் கணவரையே அவரிடம் கேட்கச் சொல்லுங்கள்: 'உனக்கு வர இஷ்டமாம்மா?' வருகிறேன் என்றால் அவருக்குப் பிடித்த இடத்தையும் கேட்டுச் சேர்த்துக்கொள்ளுங்கள். வேண்டாம் என்றால் வற்புறுத்தாதீர்கள், நீங்கள் நால்வரும் போய் வாருங்கள். இருவரும் சேர்ந்துதான் கடலுக்குள் இறங்க வேண்டும் என்று பிடிவாதம் இருந்தால், பையன் வளரும்வரை அதைத் தள்ளிப்போடுங்கள்.