இன்சுலின் கார்ட்ரிட்ஜ் ஏன் தீரவில்லை?

கேள்வி: என் மகளுக்கு 19 வயது. 11 வயதில் டைப் 1 சர்க்கரை நோய் வந்தது. பள்ளி முடியும்வரை எச்பிஏ1சி (மூன்று மாதச் சராசரி சர்க்கரையைக் காட்டும் ரத்தப் பரிசோதனை) 8-ஐ ஒட்டியே இருந்தது. கல்லூரி ஹாஸ்டலில் சேர்ந்த ஒரே வருடத்தில் 12.1 ஆகிவிட்டது; ஆளும் இளைத்துவிட்டாள். டாக்டர் இரண்டு முறை டோஸை ஏற்றியும் பலனில்லை. லீவுக்கு வந்தபோது பையைப் பார்த்தால், இன்சுலின் பேனாவில் போடப் போன மாதம் வாங்கிக் கொடுத்த கார்ட்ரிட்ஜில் பாதி அப்படியே கிடக்கிறது. எங்களோடு உட்கார்ந்து சாப்பிட மாட்டேன் என்கிறாள். ஆனால் ராத்திரியில் பிஸ்கட் பாக்கெட் காலியாகிறது. ஊசியை வேண்டுமென்றே விடுகிறாளா? எப்படிக் கேட்பது?

பதில்: டோஸை ஏற்ற ஏற்ற சர்க்கரையும் ஏறுகிறது என்றால், முதலில் பார்க்க வேண்டியது மருந்து உள்ளே போகிறதா என்பதைத்தான். இதைக் கேட்காமலே யூனிட்டைக் கூட்டி எழுதுவது நம் ஊரில் சாதாரணமாக நடக்கிறது. வெயிலில் கெட்டுப்போன இன்சுலினோ, ஒரே இடத்தில் குத்திக் குத்தித் தடித்துப்போன தோலோகூடக் காரணமாகலாம். வயிற்றிலும் தொடையிலும் விரலால் தடவினால் தடிப்பு கைக்குத் தெரியும். ஆனால் இவை இரண்டும் கார்ட்ரிட்ஜ் மிஞ்சுவதற்குக் காரணமாகாது.

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். 3 மில்லி கார்ட்ரிட்ஜில் 300 யூனிட் இருக்கும். சாப்பாட்டுக்கு முன் 8 யூனிட் வீதம் மூன்று வேளைக்கு 24. ஒவ்வொரு தடவையும் காற்றுப் போக 2 யூனிட் வெளியே விட வேண்டும், அது ஒரு 6. ஆக நாளுக்கு 30. ஒரு கார்ட்ரிட்ஜ் 10 நாள் வரும். காற்று விடாமலே போடுகிறாள் என்று வைத்தாலும் 12 நாளுக்குச் சற்று மேல்தான். ராத்திரி போடும் நீண்ட நேர இன்சுலின் 18 யூனிட் என்றால், அந்த 2-ஐச் சேர்த்து 20. இது 15 நாள். எண்களை மாற்றி உங்கள் மகளின் டோஸுக்கு இதே கணக்கைப் போடுங்கள். விடுவது சாப்பாட்டு ஊசியை மட்டுமா, இரண்டையுமா என்பது அதிலேயே தெரிந்துவிடும். இந்தக் கணக்கு உங்களுக்கும் டாக்டருக்கும்தான். அவள் முன்னால் சாட்சியாக நீட்டினால், அடுத்த மாதம் இன்சுலின் வாஷ்பேசினில் போகும், கார்ட்ரிட்ஜ் சரியாகக் காலியாகும்.

எடை கூடிவிடும் என்ற பயத்தில் இன்சுலினைக் குறைப்பதையோ விடுவதையோ பேச்சு வழக்கில் 'டயபுலிமியா' என்பார்கள். நோய்ப் பட்டியலில் தனிப் பெயராக இல்லாவிட்டாலும் சர்க்கரை நோய் மருத்துவர்களும் மனநல மருத்துவர்களும் நன்றாக அறிந்த பிரச்சினை. இன்சுலின் இல்லாவிட்டால் சர்க்கரை ரத்தத்திலேயே தேங்கும். 180-ஐத் தாண்டினால் சிறுநீரில் வழியத் தொடங்கும், தண்ணீரையும் இழுத்துக்கொண்டு போகும். பசித்த உடம்பு தசையையும் கொழுப்பையும் கரைக்கும். கொழுப்பு கரையும்போது வரும் கீட்டோன் ரத்தத்தை அமிலமாக்கும். 'இளைத்தது' என்று வெளியே தெரிவதில் பெரும்பகுதி நீரும் தசையும்தான். செல்களுக்கு எதுவும் போய்ச் சேராததால் பசி அடங்கவே அடங்காது. ராத்திரி பிஸ்கட்டுக்கு இதுவே பாதிக் காரணம். பகலெல்லாம் கட்டுப்படுத்திய வயிறு ராத்திரியில் பழி வாங்குவது மீதிக் காரணம். நாக்கு ருசிக்கோ மனக் கட்டுப்பாட்டுக்கோ இதில் பங்கு குறைவு.

ஆபத்து எவ்வளவு என்று கேட்டால்: டைப் 1 உள்ள பெண்களை 11 வருடம் தொடர்ந்து கவனித்த ஓர் ஆய்வில், இன்சுலினைக் குறைத்துக்கொண்டவர்களின் மரண அபாயம் மற்றவர்களைப்போல் மூன்று மடங்காக இருந்தது. கண், சிறுநீரகம், நரம்புப் பாதிப்புகளும் அவர்களுக்குச் சீக்கிரமே வந்துவிடுகின்றன. அடிக்கடி வரும் சிறுநீர்த் தொற்று, பிறப்புறுப்பில் அரிப்பு, மாதவிடாய் தள்ளிப்போவது, ராத்திரி நாலைந்து தடவை எழுந்து போவது ஆகியவற்றைக் கவனித்திருக்கிறீர்களா? இருந்தால் அதையும் டாக்டரிடம் சொல்லுங்கள்.

இனி, எப்படிக் கேட்பது. "ஊசி போட்டியா?" என்று கேட்டால் "போட்டேன்" என்றுதான் பதில் வரும். எட்டு வருடமாக அந்தக் கேள்விக்கு அவள் சொல்லி வந்த பதில் அது. சாப்பாட்டு நேரத்தில் கேட்காதீர்கள், அப்பாவும் பாட்டியும் கூடியிருக்கும்போது கேட்காதீர்கள். பஸ்ஸிலோ, துணி மடிக்கும்போதோ, முகத்துக்கு முகம் பார்க்க வேண்டாத நேரத்தில் இப்படித் தொடங்கலாம்: "எட்டு வருஷமா தினம் நாலு ஊசி. எனக்கா இருந்தா எப்பவோ சலிச்சுப் போயிருக்கும் கண்ணு. எந்த நேரத்து ஊசி உனக்கு ரொம்பக் கஷ்டமா இருக்கு?" விடுவது தெரியும் என்பதும், திட்டப் போவதில்லை என்பதும் அதிலேயே அவளுக்குப் புரிந்துவிடும். மெஸ்ஸில் எல்லோர் எதிரிலும் போடக் கூச்சம், டாய்லெட்டில் போய்ப் போட அருவருப்பு, லோ சுகர் வந்து வகுப்பில் மயங்கிவிடுவோமோ என்ற பயம், ஊசி போட்டால் குண்டாகிறோம் என்ற எண்ணம்: இவற்றில் எது என்று தெரிந்தால்தான் வழி தெரியும். அன்றே பதில் வராவிட்டால் விட்டுவிடுங்கள், இரண்டு நாள் கழித்துப் பேசலாம்.

முதல் இலக்கு சர்க்கரை அளவைச் சரிசெய்வது அல்ல, கீட்டோன் வராமல் தடுப்பது. அதற்கு நீண்ட நேர இன்சுலின் ஒரு நாளும் விடுபடக் கூடாது. "மத்ததை டாக்டர்கிட்ட போய்ப் பேசிக்கலாம், ராத்திரி ஊசியை மட்டும் நான் பக்கத்துல இருக்கும்போது போட்டுக்கறியா?" என்று கேளுங்கள். நாலு ஊசிக்கும் காவல் நின்றால் நாலும் போய்விடும்.

ஆனால் டாக்டரைக் கேட்காமல், சீட்டில் எழுதியிருக்கும் முழு டோஸையும் ஒரே நாளில் போட வைக்காதீர்கள். அது அவள் விட்ட ஊசிகளையும் போட்டதாக நினைத்து ஏற்றப்பட்ட டோஸ். மருத்துவமனையில் சேர்த்து, நர்ஸ் சீட்டைப் பார்த்து அதை அப்படியே போட, நள்ளிரவில் சர்க்கரை 40-க்கு இறங்குவது உண்டு. ஆகவே அவள் நிஜமாகப் போடும் அளவு டாக்டருக்குத் தெரிந்தே ஆக வேண்டும். உங்களை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு அவளிடம் தனியாகக் கேட்கும் டாக்டராக இருந்தால் நல்லது. சர்க்கரை நோயாளிகளின் உணவுச் சிக்கலைக் கண்டறியவென்றே 16 கேள்விகள் கொண்ட படிவம் ஒன்று உண்டு. 20 மதிப்பெண்ணோ அதற்கு மேலோ வந்தால் விரிவாகப் பரிசோதிக்க வேண்டும்.

எச்பிஏ1சி-யை 12-லிருந்து 7-க்கு மூன்று மாதத்தில் இறக்க வேண்டும் என்று யாராவது அவசரப்பட்டால் தடுங்கள். வேகமாக இறக்கினால் விழித்திரைப் பாதிப்பு தற்காலிகமாக முற்றலாம், கால்களில் நெருப்பாக எரியும் நரம்பு வலி வரலாம். கண்ணில் சொட்டு மருந்து விட்டு விழித்திரைப் பரிசோதனையை முதலிலேயே முடித்துவிடுங்கள்.

இந்தச் சிகிச்சை பெரும்பாலும் முறிவது முதல் இரண்டு மூன்று வாரத்தில்தான். நின்றுபோன இன்சுலின் மறுபடி உள்ளே போகும்போது சிறுநீரகம் உப்பையும் நீரையும் பிடித்து வைக்கும். கணுக்கால் வீங்கும், முகம் உப்பும், தராசில் சில கிலோ கூடும். அது கொழுப்பல்ல, சில வாரத்தில் தானாக வடிந்துவிடும். இதை முன்கூட்டியே சொல்லாவிட்டால், "பார்த்தீங்களா, ஊசி போட்டா குண்டாகுது" என்று அவள் பயந்தது நிரூபணமாகிவிடும், பேனா மறுபடி மூலைக்குப் போகும். இந்த நாட்களில் தராசை வீட்டிலிருந்து அப்புறப்படுத்துங்கள். எடையைக் கிளினிக்கில் அவளுக்குக் காட்டாமல் பார்க்கச் சொல்லலாம். விசேஷ வீட்டில் "இளைச்சு அழகாயிட்டே" என்று சொல்லப் போகும் அத்தைகளிடம் முன்னாடியே பேசி வைப்பதும் சிகிச்சையில் சேர்த்திதான்.

உணவில் 'சாப்பிடக் கூடாதது' பட்டியல் வேண்டாம். மூன்று வேளையும் நேரத்துக்கு, எல்லோரும் சாப்பிடும் அதே இட்லி, சோறு, குழம்பு, அதற்கேற்ற இன்சுலின், அவ்வளவு போதும். லோ சுகர் வந்தால் மூன்று டீஸ்பூன் குளுக்கோஸ், 15 நிமிடம் காத்திருந்து மறுபடி பார்க்க வேண்டும். காத்திருக்காமல் கையில் கிடைத்ததையெல்லாம் தின்றுவிட்டு, அந்தக் குற்ற உணர்வில் அடுத்த ஊசியை விடுவதும் ஒரு சுழல்.

மனநல மருத்துவர் கட்டாயம் வேண்டும். சர்க்கரை டாக்டரும் டயட்டீஷியனும் அவரோடு பேசிக்கொண்டு வேலை செய்ய வேண்டும். சர்க்கரை நோயைச் சுமந்து வரும் சலிப்பு வேறு, மனச்சோர்வு வேறு. இரண்டுக்கும் சிகிச்சை ஒன்றல்ல. மாத்திரை தந்தால் இரண்டு பெயர்களைக் கவனியுங்கள். ஓலன்சாபின் சர்க்கரையையும் எடையையும் ஏற்றும். சாப்பிட்டதை வாந்தி எடுக்கும் பழக்கம் இருப்பவர்களுக்கு பியூப்ரோபியான் வலிப்பைக் கொண்டுவரலாம், அதனால் தரக் கூடாது. வாந்தி எடுக்கிறாள் என்றால் பொட்டாசியத்தையும் சோதிக்க வேண்டும். செத்துப்போகலாம் என்ற பேச்சு வந்தால் தனியாக விடாதீர்கள். வீட்டிலிருக்கும் இன்சுலினை உங்கள் கைப்பொறுப்பில் வைத்து, அன்றே டாக்டரிடம் கூட்டிப் போங்கள். டெலி மனாஸ் என்ற மனநல உதவி எண் 14416-இல் எந்நேரமும் தமிழில் பேசலாம். தமிழக அரசின் 104-உம் உண்டு.

லீவு முடிந்து ஹாஸ்டலுக்குத் திரும்பும் முன், அவள் சம்மதத்தோடு அறைத்தோழி ஒருத்திக்கு மட்டும் விவரம் தெரிந்திருக்கட்டும். ஊசியைக் கண்காணிப்பது அந்தப் பெண்ணின் வேலை இல்லை. சர்க்கரை 250-க்கு மேல் நின்று வாந்தி, வயிற்றுவலி, வேக வேகமாக ஆழ்ந்த மூச்சு, வாயில் பழ வாடை வந்தால் 108-ஐக் கூப்பிட வேண்டும் என்று தெரிந்தால் போதும். கீட்டோன் ஸ்டிரிப் டப்பா ஒன்று அறையில் இருக்கட்டும். ரத்தத்தில் 3-க்கு மேல், அல்லது சிறுநீரில் இரண்டு பிளஸ் என்றால் காத்திருக்கக் கூடாது. வாந்தியும் வயிற்றுவலியும் என்று போனால் கேஸ்ட்ரிக் ஊசி போட்டு அனுப்பிவிடும் இடங்கள் உண்டு. வாசலிலேயே "டைப் 1 சுகர், கீட்டோன் பாருங்க" என்று சொல்ல அவளுக்குச் சொல்லிக் கொடுங்கள்.