தோட்டத்துக் கேள்விகள்: பூசணம் தூக்குமா, கரைக்குமா?

கேள்வி: மேட்டாங்காட்டில் குச்சிக்கிழங்கு (மரவள்ளி) போடுகிறோம். டிஏபி மூட்டைக்கு அலைந்து அலுத்துவிட்டது. கோழி எருவும் எலும்புத்தூளும் போட்டு, கூடவே வேம் (VAM) என்கிற வேர்ப் பூசணமும் வாங்கிப் போட்டால் டிஏபியை அடியோடு நிறுத்திவிடலாமா அண்ணா?
- ஒரு வாசகி, ராசிபுரம் வட்டம்

பதில்: நிறுத்தலாம் அம்மிணி. ஆனால் பூசணம் என்ன வேலை செய்யும், என்ன செய்யாது என்று தெரிந்துகொண்டு நிறுத்துங்கள்.

டிஏபி உரத்தை முக்கியமாகப் போடுவது மணிச்சத்துக்காக, அதாவது பாஸ்பரஸுக்காக. இந்த மணிச்சத்து மண்ணில் நகராது. வேர் தன்னைச் சுற்றி ஒன்றிரண்டு மில்லிமீட்டருக்குள் இருப்பதை உறிஞ்சி முடித்துவிட்டால், பக்கத்தில் எவ்வளவு கிடந்தாலும் அதற்கு எட்டாது. வேம் பூசணம் வேருக்குள் குடியிருந்துகொண்டு, முடியைவிட மெல்லிய இழைகளை வெளியே விடுகிறது. அவை சில சென்டிமீட்டர் தள்ளிப் போய், வேர் நுழையாத இடுக்கில் இருப்பதையும் எடுத்து வரும். துத்தநாகமும் இப்படியே வருகிறது. கூலியாகச் செடியிடமிருந்து சர்க்கரையும் கொழுப்பும் வாங்கிக்கொள்ளும். சந்தையில் மூட்டை தூக்குகிற ஆள் மாதிரிதான். கரைந்து கிடப்பதைத் தூக்கும். கரையாத கல்லை உடைப்பது பெரும்பாலும் பாக்டீரியா வேலை. வேம் விற்கிற சிலர் இதை மட்டும் சொல்லவே மாட்டார்கள்.

எலும்புத்தூளில் சிக்கல் அங்கேதான். அதிலிருப்பது சுண்ணாம்போடு கட்டுண்ட மணிச்சத்து. புளிப்பு மண்ணில் கரையும், சுண்ணாம்பு மண்ணில் அப்படியே கிடக்கும். உங்கள் காட்டில் மண்வெட்டிக்குச் சுக்காங்கல் தட்டுகிறதா? கையுறை போட்டுக்கொண்டு, ஒரு பிடி மண்ணில் பாத்ரூம் ஆசிட் ஒரு சொட்டு விட்டுப் பாருங்கள். நுரைத்தால் சுண்ணாம்பு மண். அப்படியானால் எலும்புத்தூளை நேரே காட்டில் கொட்டாமல், தொழு உரத்தோடு கலந்து, மணிச்சத்தைக் கரைக்கிற பாஸ்போபாக்டீரியாவும் சேர்த்து மக்க வைத்துப் போடுங்கள்.

கோழி எரு வேறு கதை. தீவனத் தானியத்தில் உள்ள மணிச்சத்தில் பெரும்பகுதியைக் கோழியால் செரிக்க முடியாது. அதற்காகவே தீவனத்தில் தனியாகவும் மணிச்சத்துச் சேர்க்கிறார்கள். மிச்சமெல்லாம் எருவில் வந்துவிடும். பண்ணை பக்கத்தில் இருக்கிறது, லோடு மலிவு என்று வருடா வருடம் அடித்த காட்டில் மணிச்சத்து குவிந்திருக்கும். அப்படிக் குவிந்த மண்ணில் செடி பூசணத்தை அவ்வளவாக உள்ளே விடாது. சும்மா கிடைக்கும்போது யார் கூலி கொடுப்பார்கள்? ஆகவே முதலில் மண் பரிசோதனை. ஹெக்டேருக்கு 22 கிலோவுக்கு மேல் மணிச்சத்து என்று சீட்டு வந்தால் டிஏபியும் வேண்டாம், எலும்புத்தூளும் வேண்டாம், வேமுக்கும் காசு போட வேண்டாம்.

குறைவாக இருந்தால் தாராளமாகப் போடுங்கள். குச்சிக்கிழங்கின் வேர் தடிமனானது, எண்ணிக்கையும் குறைவு. மணிச்சத்துக்குப் பூசணத்தை அது நம்பியிருக்கிற அளவுக்கு நம்பியிருக்கும் பயிர்கள் கொஞ்சம்தான். கரணை (நடும் குச்சித் துண்டு) ஊன்றும் குழியிலேயே, வேர் விடும் இடத்தில் படும்படி வேமைப் போட வேண்டும். மேலே தூவினால் வீண். அப்புறம், இந்தப் பயிருக்குச் சாம்பல் சத்து அதிகம் தேவை. டிஏபி கணக்கைப் பார்த்துக்கொண்டே பொட்டாஷை மறந்துவிடாதீர்கள்.

கேள்வி: பீட்ரூட்டுக்கு வேம் போட்டேன். போட்ட பாத்திக்கும் போடாத பாத்திக்கும் வித்தியாசமே இல்லையே. மட்டமான சரக்கா?
- ஒரு வாசகர், உடுமலை

பதில்: சரக்கைக் குறை சொல்லாதீர்கள். பீட்ரூட், பாலக்கீரை, முட்டைக்கோஸ், காலிபிளவர், முள்ளங்கி, கடுகு இவற்றின் வேரில் இந்தப் பூசணம் குடியேறுவதில்லை. மிச்சப் பொட்டலம் கெடாமல் இருந்தால், பீட்ரூட் எடுத்த காட்டில் மக்காச்சோளமோ சின்ன வெங்காயமோ போடும்போது பயன்படுத்துங்கள். பீட்ரூட் நின்ற காட்டில் பூசணம் குறைந்திருக்கும், அதனால் அப்போது பலன் தெரிய வாய்ப்பு உண்டு.

கேள்வி: சாக்கடைத் தண்ணீரிலிருந்து ஸ்ட்ருவைட் என்று உரம் எடுக்கிறார்களாமே, நம்பிப் போடலாமா?
- ஒரு வாசகர், பெருந்துறை

பதில்: நல்ல சரக்குதான். மக்னீசியம், அம்மோனியம், பாஸ்பேட் மூன்றும் சேர்ந்த படிகம். சுத்தமாக இருந்தால் மணிச்சத்து 28 சதவீதத்துக்கு மேல். சூப்பர் பாஸ்பேட்டில் 16தான். ஆனால் தண்ணீரில் சட்டென்று கரையாது, வேர் விடும் அமிலத்தில் மெல்லக் கரையும். சுண்ணாம்பு மண்ணில் இன்னும் மெதுவு. கரைந்ததைத்தான் பூசணம் தூக்கும் என்பதால், இளம் பயிருக்குக் கொஞ்சம் சூப்பரும் சேர்த்தே போடுங்கள். மணியாகவும் தூளாகவும் கிடைத்தால் தூளை வாங்குங்கள்.